நிலநடுக்கத்துக்குப் பின் சேதக் கணக்கெடுப்பும் மறுகட்டுமானத் தேவையும்: களத்தில் இறங்குபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பெரிய நிலநடுக்கம் நடந்த ஊருக்குக் கணக்கெடுக்கப் போகிறவர்களில் இளம் பொறியாளர்கள், ஆசிரியர்கள், தொண்டு நிறுவன ஊழியர்கள், கல்லூரி மாணவர்கள் எல்லோரும் இருப்பார்கள். அவர்களிடம் அக்கறைக்குக் குறைவில்லை, வேலையின் வரிசைதான் தவறிவிடுகிறது. முதல் நாளே படிவத்தைப் பிரித்துக்கொண்டு, இடிந்த வீட்டின் முன்னால் நிற்பவரிடம் “மொத்தம் எவ்வளவு நஷ்டம்?” என்று கேட்டுவிடுகிறார்கள். அவர் எந்தத் தொகையைச் சொன்னாலும் அது பிறகு எந்தக் கணக்கிலும் சேராது.

இந்த வழிகாட்டிக்கு 2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தை உலுக்கிய 7.8 அளவு நிலநடுக்கத்தை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். அங்கே நாடு முழுவதற்குமான விரைவு மதிப்பீடு ஒன்றும், பிறகு வீடு வீடாகச் சென்ற கணக்கெடுப்பு ஒன்றும் நடந்தன. இரண்டும் வேறு வேறு வேலைகள். ஒன்றை மற்றொன்றாக நினைத்துக்கொள்வதில்தான் பாதிக் குழப்பம் தொடங்குகிறது.

1. சேதம், இழப்பு, தேவை: மூன்றையும் முதலிலேயே பிரித்துவிடுங்கள்

சேதம் என்பது உடைந்த பொருளின் மதிப்பு. சுவர், கூரை, பாலம், வகுப்பறை, மாட்டுக்கொட்டகை எல்லாம் இதில் அடங்கும். நிலநடுக்கத்துக்கு முந்தைய நிலையில், முந்தைய விலையில் அவற்றை மறுபடி கட்ட என்ன ஆகும் என்பதே இதன் அளவு.

இழப்பு என்பது உடைந்ததால் நின்றுபோன வருமானமும் கூடுதலாக ஆன செலவும். வராமல் போன வாடகை, மூடிக்கிடந்த விடுதி, இடிபாட்டை அள்ளும் கூலி, தற்காலிகக் கொட்டகையின் செலவு ஆகியவை இங்கே வரும். இது ஒரே நாளில் முடிந்துவிடாது. மாதக்கணக்கில், சில துறைகளில் ஆண்டுக்கணக்கில் நீளும்.

தேவை என்பது இனி செலவிட வேண்டிய தொகை. அது முதல் இரண்டின் கூட்டுத்தொகை அல்ல. நேபாளத்தின் தேசியத் திட்டக் குழு முன்னின்று நடத்திய மதிப்பீட்டில் சேதம் ஏறத்தாழ 51,700 கோடி நேபாள ரூபாய், இழப்பு 18,900 கோடி. இரண்டும் சேர்ந்தால் 70,600 கோடி. ஆனால் தேவை 66,900 கோடி என்றுதான் வந்தது.

காரணம், கட்டும்போது முன்பைவிட உறுதியாகக் கட்ட வேண்டும் என்பதால் சில துறைகளில் தேவை சேதத்தை மிஞ்சும். வேறு சில துறைகளில் தனியாரின் இழந்த வருமானம் முழுவதையும் மறுகட்டுமானப் பணம் ஈடுசெய்வதில்லை என்பதால் அது குறையும். அங்கே கல்வித் துறையின் சேதம் சுமார் 2,800 கோடி, தேவையோ 3,900 கோடிக்கு மேல். சுற்றுலாவில் சேதம் 1,900 கோடியை எட்டவில்லை. ஆனால் பயணிகள் வராமல் போன இழப்பு 6,200 கோடியைத் தாண்டியது. சுற்றுலாவை இடிந்த விடுதிகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்து மதிப்பிட்டிருந்தால் முக்கால் பங்கு பாதிப்பு கணக்கிலேயே வந்திருக்காது.

இந்த மூன்றையும் பிரிக்கத் தெரியாதவர்கள்தான் செய்தியில் வரும் எண்களைக் கண்டு திகைக்கிறார்கள். 2023 பிப்ரவரியில் துருக்கியில் நடந்த நிலநடுக்கங்களுக்குப் பின் உலக வங்கி 3,420 கோடி டாலர் என்றது. அடுத்த மாதம் அந்நாட்டு அரசின் மதிப்பீடு 10,000 கோடி டாலரைத் தாண்டியது. முதலாவது கட்டடங்களுக்கும் உள்கட்டமைப்புக்கும் நேர்ந்த நேரடிச் சேதத்தின் விரைவுக் கணக்கு. இரண்டாவது அதைவிடப் பலவற்றை உள்ளடக்கியது. இரண்டையும் ஒப்பிட்டு யாரோ பொய் சொல்கிறார்கள் என்று முடிவுகட்டக் கூடாது.

2. புறப்படும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் வேண்டியது பழைய கணக்கு. நிலநடுக்கத்துக்கு முன் அந்த வார்டில் எத்தனை வீடுகள், எத்தனை குடும்பங்கள், சுவர் எதனால் ஆனது, எத்தனை பள்ளிகள், எத்தனை சுகாதார நிலையங்கள் என்ற பட்டியல் அது. நேபாளத்தில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இதற்கு அடித்தளமாக இருந்தது. இந்தப் பட்டியல் இல்லாமல் “80 வீடுகள் இடிந்தன” என்று எழுதினால், அது 90-இல் 80-ஆ, 900-இல் 80-ஆ என்று யாருக்கும் தெரியாது.

இரண்டாவது, மாவட்ட நிர்வாகம் வெளியிட்ட கட்டுமானப் பொருள் மற்றும் கூலி விலைப்பட்டியல். நிலநடுக்கத்துக்கு முந்தைய கடைசிப் பட்டியலையே வாங்குங்கள். அடுத்த வாரமே விலைகள் ஏறத் தொடங்கிவிடும்.

மூன்றாவது, வீட்டு வகைகளின் சிறு அகராதி. மண்சாந்தில் கட்டிய கல்வீடு, மண்சாந்தில் கட்டிய செங்கல் வீடு, சிமென்ட் சாந்தில் கட்டிய வீடு, கான்கிரீட் தூண்களில் நிற்கும் வீடு, மர வீடு என ஐந்தாறு வகைகள் போதும். இருபது வகைகள் வைத்துக்கொண்டால் களத்தில் ஒருவரும் ஒழுங்காகக் குறிக்க மாட்டார்கள்.

தலைக்கவசம், டார்ச், அளவு நாடா, தூக்குக்குண்டு, சுண்ணக்கட்டி, இடக்குறிப்பு எடுக்கும் கைப்பேசி ஆகியவற்றோடு காகிதப் படிவமும் கொண்டு போங்கள். மின்சாரம் இல்லாத மலைக் கிராமத்தில் டேப்லெட் மதியத்துக்குள் அணைந்துவிடும்.

குழுவில் ஒரு பெண்ணும், அந்த ஊரை அறிந்த ஒருவரும் கட்டாயம் இருக்க வேண்டும். நேபாள மலைக் கிராமங்களில் ஆண்கள் பலர் மலேசியாவிலும் வளைகுடா நாடுகளிலும் வேலையில் இருந்தார்கள். வீட்டில் இருந்த பெண்களிடம் பேசாமல் எடுத்த கணக்கு கணக்கே ஆகாது.

இன்னொன்று, பலரும் வீண்வேலை என்று தவிர்ப்பது. முதல் நாள் எல்லாக் குழுக்களும் சேர்ந்து ஒரே பத்து வீடுகளைத் தனித்தனியாகத் தரம் பிரித்துப் பாருங்கள். ஒருவர் மூன்று என்றதை மற்றவர் ஐந்து என்பார். அந்த வேறுபாட்டை அன்றே பேசித் தீர்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரே சேதத்துக்கு ஆற்றின் இந்தக் கரையில் உதவித்தொகை கிடைக்கும், அந்தக் கரையில் கிடைக்காது.

3. முதல் சுற்று: உள்ளே போகலாமா, கூடாதா

முதல் சில வாரங்களின் வேலை பணக் கணக்கு அல்ல. கட்டடத்துக்குள் ஆட்கள் போகலாமா என்பதை மட்டும் சொல்ல வேண்டும். பச்சை என்றால் பயன்படுத்தலாம், மஞ்சள் என்றால் கட்டுப்பாட்டோடு, சிவப்பு என்றால் நுழையக் கூடாது. காட்மாண்டுவில் இந்த வண்ணச் சீட்டுகள்தான் ஒட்டப்பட்டன. ஒரு கட்டடத்துக்கு அரை மணி நேரத்துக்குமேல் செலவிடத் தேவையில்லை. மருத்துவமனை, பள்ளி, முகாமாகப் பயன்படும் மண்டபம் ஆகியவற்றை முதலில் பாருங்கள்.

சீட்டில் தேதியும் நேரமும் எழுதுங்கள். மே 12 அன்று நேபாளத்தில் 7.3 அளவு பின்னதிர்வு வந்தது. ஏப்ரலில் தளர்ந்து நின்ற கட்டடங்கள் அன்று விழுந்தன. அதற்கு முன் ஒட்டிய பச்சைச் சீட்டுக்கு அதன் பிறகு பொருளில்லை. பெரிய பின்னதிர்வு ஒவ்வொன்றுக்கும் பிறகு மறுபடி பார்ப்பது விதி.

இங்கே நடக்கும் பெரிய தவறு, சிவப்புச் சீட்டு ஒட்டிய வீட்டையெல்லாம் “முழுச் சேதம்” என்று பணக் கணக்கில் ஏற்றிவிடுவது. பக்கத்து வீட்டுச் சுவர் சாய்ந்து நிற்பதால்கூட நல்ல வீடு ஒன்றுக்குச் சிவப்பு ஒட்ட நேரும். அந்த வீட்டைக் கட்டித் தரப் பணம் தேவையில்லை, பக்கத்துச் சுவரை இறக்கினால் போதும்.

4. இரண்டாம் சுற்று: வீடு வீடாகத் தரம் பிரித்தல்

இதுதான் வேலையின் உயிர். இங்கே ஒரு கட்டத்தில் போடும் ஓர் எண்தான் ஒரு குடும்பத்துக்கு வீடு கிடைக்குமா என்பதைத் தீர்மானிக்கிறது. தெருவில் நின்றபடி எட்டிப் பார்த்துத் தரம் போடுகிறவர்களைக் குழுவில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

சேதத்தை ஒன்று முதல் ஐந்து வரை பிரிப்பது வழக்கம். 2001 புஜ் நிலநடுக்கத்துக்குப் பின் குஜராத்திலும் ஐந்து தரங்கள்தான். பூச்சில் மயிரிழை விரிசல் என்றால் ஒன்று. பல சுவர்களில் விரிசல், பூச்சு பெயர்ந்து விழுந்திருக்கிறது என்றால் இரண்டு. பெரும்பாலான சுவர்களில் அகன்ற, நீண்ட விரிசல் மூன்று. சுவரோ தளமோ ஒரு பகுதி சரிந்திருந்தால் நான்கு. மொத்தமாக விழுந்தால், அல்லது விழுந்ததற்குச் சமமாக நின்றால் ஐந்து. ஒன்றும் ஐந்தும் எவருக்கும் தெரியும். சண்டையெல்லாம் மூன்றில்தான், ஏனென்றால் பழுதுபார்ப்பதா இடித்துக் கட்டுவதா என்ற கோடு அதை ஒட்டித்தான் போகிறது.

வீட்டை முதலில் தூரத்திலிருந்து பாருங்கள். கூரையின் முகடு நேராக இருக்கிறதா, நடுவில் தொய்ந்திருக்கிறதா? பிறகு வீட்டை ஒரு முழுச் சுற்று சுற்றி வாருங்கள். பின்பக்கம் போகாமல் தரம் போடாதீர்கள். மலைச்சரிவு வீடுகளில் முன்பக்கம் முழுசாக நிற்கும், பள்ளத்தைப் பார்த்த பின்சுவர் போயே போயிருக்கும்.

நேபாள மலைகளில் விழுந்தவற்றில் பெரும்பகுதி மண்சாந்துக் கல்வீடுகள். அந்தச் சுவர் உள்முகம் ஒன்று, வெளிமுகம் ஒன்று என இரண்டு அடுக்காக, நடுவில் சில்லுக்கல்லும் மண்ணும் அடைத்துக் கட்டப்பட்டது. இரு முகங்களையும் குறுக்கே பிணைக்கும் நீளக்கல் இல்லாவிட்டால், ஆட்டத்தில் வெளிமுகம் மட்டும் பிரிந்து வயிறு தள்ளும். விரிசல் பெரிதாகத் தெரியாது. சுவரின் தலைப்பில் தூக்குக்குண்டை விட்டுப் பார்த்தால், நடுவில் கயிற்றைத் தொடும் சுவர் அடியில் விரல்கட்டை அளவு விலகியிருக்கும். இந்த வீடு நிற்கிறதே என்று இரண்டு போட்டுவிட்டுப் போனால், அடுத்த மழையில் அந்தச் சுவர் தூங்குகிறவர்கள் மேல் விழும்.

மூலைகளைப் பாருங்கள். இரு சுவர்கள் சேரும் இடத்தில் மேலிருந்து கீழாகப் பிளவு இருந்தால், சுவர்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளவில்லை என்று பொருள். ஜன்னல்களுக்கு இடையே பெருக்கல் குறி போன்ற விரிசல் இருந்தால் சுவர் தன் பலத்தை ஏற்கெனவே செலவழித்துவிட்டது. கூரைக்கு அடியிலுள்ள முக்கோணச் சுவர் முதலில் விழும் பகுதி. அது மட்டும் விழுந்த வீட்டை அவசரப்பட்டு ஐந்தில் சேர்க்காதீர்கள்.

கான்கிரீட் வீட்டில் பார்வை வேறு. தூண்களுக்கு நடுவே அடைத்த செங்கல் சுவர் கிழிந்துகிடப்பது பார்க்கப் பயங்கரமாக இருக்கும், வீட்டுக்காரரும் அதைத்தான் காட்டுவார். நீங்கள் தூணின் தலையையும் காலையும் பாருங்கள். அங்கே கான்கிரீட் உதிர்ந்து, நின்ற கம்பி வளைந்து, சுற்றிக் கட்டிய வளையக் கம்பி வாய் திறந்திருந்தால் தரம் நான்குக்குக் குறையாது. கீழ்த்தளம் முழுக்க ஷட்டர் கடைகளாகவும் மேலே குடியிருப்பாகவும் உள்ள கட்டடங்களில் இதை முதலில் தேடுங்கள்.

விரிசல் பழையதா புதியதா என்பதும் முக்கியம். பழைய விரிசலுக்குள் தூசி, ஒட்டடை, சில நேரம் சுண்ணாம்பே படிந்திருக்கும். புதிய விரிசலின் ஓரம் கூர்மையாக, உள்நிறம் வெளுப்பாக இருக்கும். பழைய விரிசலைக் காட்டியவரைக் கடிந்துகொள்ள வேண்டாம். அவருக்கும் தெரியாமல் இருக்கலாம்.

நான்கு பக்கமும் படம் எடுங்கள். விரிசலைக் கிட்டத்தில் எடுக்கும்போது பக்கத்தில் அளவு நாடாவை வையுங்கள். வீட்டு எண் எழுதிய சிலேட்டு எல்லாப் படங்களிலும் தெரிய வேண்டும். ஆறு மாதம் கழித்து முறையீடு வரும்போது உங்கள் நினைவு உதவாது, இந்தப் படங்கள்தான் உதவும்.

5. வீடு வேறு, அடுப்பு வேறு

ஒரே கூரைக்கு அடியில் அண்ணனும் தம்பியும் தனித்தனியாகச் சமைப்பார்கள். அது ஒரு வீடு, இரண்டு குடும்பம். மாறாக, ஒரே குடும்பத்துக்கு ஊரில் ஒன்று, சந்தைச் சாலையில் ஒன்று என இரண்டு வீடுகள் இருக்கும். கட்டடத்தை ஒரு பத்தியிலும் குடும்பத்தை இன்னொரு பத்தியிலும் எழுதுங்கள். கலந்துவிட்டால் பிரிக்கவே முடியாது.

வாடகைக்கு இருந்தவரை மறக்காதீர்கள். வீடு உரிமையாளருடையது, தெருவில் நிற்பவர் வாடகைக்காரர். உரிமையாளர் பெயரில் மட்டும் பட்டியல் எடுத்தால் இவர் எந்தத் தாளிலும் இருக்க மாட்டார்.

நிலப் பத்திரம் இறந்துபோன தாத்தா பெயரில் இருப்பதும், நிலமே இல்லாமல் புறம்போக்கில் குடியிருப்பதும் எங்கும் உண்டு. கணக்கெடுக்கும்போது பத்திரத்தை நிபந்தனையாகக் கேட்காதீர்கள். பத்திரம் இருக்கிறதா, யார் பெயரில் என்று குறித்துக்கொள்ளுங்கள், போதும். தகுதியை முடிவுசெய்வது அடுத்த கட்டத்தின் வேலை. இங்கேயே வடிகட்டினால் மிக ஏழைகள்தான் முதலில் உதிர்வார்கள்.

வெற்றிடத்தைக் கண்டால் தாண்டிப் போகாதீர்கள். நேபாளத்தில் வீடு வீடாகச் சென்ற பெரிய கணக்கெடுப்பு நடந்தது 2016-இல். அதற்குள் மக்கள் இடிபாட்டை அகற்றி, மரத்தையும் கல்லையும் எடுத்துத் தகரக் கொட்டகை போட்டுக்கொண்டார்கள். சுறுசுறுப்பாக வேலை செய்த குடும்பம் அதற்காகவே பட்டியலிலிருந்து விழக் கூடாது. அடித்தளத்தின் தடயத்தைப் பாருங்கள், அக்கம்பக்கத்தில் இருவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

6. எண்ணிக்கையைப் பணமாக்குதல்

ஒவ்வொரு வகை வீட்டுக்கும் சதுர அடி விலை ஒன்றை விலைப்பட்டியலிலிருந்து கணக்கிடுங்கள். சராசரிப் பரப்பால் பெருக்குங்கள். முழுச் சேதத்துக்கு முழு விலை, பகுதிச் சேதத்துக்குப் பழுதுபார்க்கும் செலவு. வீட்டுச் சாமான், தானியக் குதிர், கால்நடை ஆகியவை தனிப் பத்திகள்.

மலைப்பகுதியில் போக்குவரத்தைச் சேர்க்காமல் விலை போடாதீர்கள். சாலை முடியும் இடம் வரை ஒரு விலை. அங்கிருந்து கழுதையிலோ முதுகிலோ ஏறும் சிமென்ட் மூட்டைக்கு வேறு விலை. ஊர் சாலையிலிருந்து எத்தனை மணி நடை என்று படிவத்தில் ஒரு கட்டம் இருக்கட்டும்.

7. இரட்டைக் கணக்கு எங்கே நுழைகிறது

வீட்டுக்குள் வைத்திருந்த நெல்லை வீட்டுக் குழு சாமானில் எழுதும், வேளாண் குழு விளைச்சலில் எழுதும். கீழ்த்தளக் கடையை வீட்டிலும் வணிகத்திலும் எழுதுவார்கள். தனியார் மருத்துவமனை சுகாதாரத்திலும் வரும், தொழிலிலும் வரும். ஆசிரியர் குடியிருப்பு கல்விக்கா வீட்டுக்கா?

இதற்கு ஒரே மருந்து, துறைவாரிக் குழுக்கள் களத்துக்குப் போகும் முன் ஒரே அறையில் உட்கார்ந்து, எந்தப் பொருள் யார் கணக்கில் என்று எழுதிக் கையெழுத்திடுவது. பிறகு கழித்துக்கொள்ளலாம் என்று விட்டால் யாரும் தங்கள் எண்ணைக் குறைக்கச் சம்மதிக்க மாட்டார்கள். அரசு உடைமை, தனியார் உடைமை என்ற பிரிவையும் இப்போதே போட்டுவிடுங்கள். யார் பணம் போட வேண்டும் என்ற கேள்வி அதிலிருந்துதான் பிறக்கிறது.

8. தேவைப் பட்டியல் எழுதுதல்

நேபாளத்தில் ஏறத்தாழ 5 லட்சம் வீடுகள் முழுவதும் அழிந்தன, 2.5 லட்சத்துக்கு மேல் பகுதிச் சேதம் அடைந்தன. மொத்தத் தேவையில் பாதி வீடுகளுக்கே போயிற்று. இந்த அளவில் தேவை என்பது பணம் மட்டும் ஆகாது. அத்தனை வீடுகளுக்கும் கொத்தனார்கள் எங்கே? நிலநடுக்கத்தைத் தாங்கும்படி கட்டத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? பயிற்சிச் செலவைத் தேவைப் பட்டியலில் தனி வரியாக எழுதுங்கள். எழுதாத செலவுக்கு யாரும் பணம் ஒதுக்க மாட்டார்கள்.

அதே இடத்தில் கட்டலாமா என்பதை நிலவியலாளரிடம் கேட்காமல் வீட்டுத் தொகையைப் போடாதீர்கள். லாங்டாங் கிராமம் மேலிருந்து சரிந்த பனியிலும் பாறையிலும் புதைந்தது. தங்கும் நிலம், தடுப்புச் சுவரோ வடிகாலோ அமைத்தால் தங்கும் நிலம், குடிபெயர வேண்டிய நிலம் என ஊர்களை மூன்றாகப் பிரியுங்கள். மூன்றாவது வகைக்கு நிலம் வாங்கும் தொகை, புதிய சாலை, குடிநீர் எல்லாம் சேரும்.

பருவத்தைப் பட்டியலில் எழுதுங்கள். அங்கே ஜூனில் மழை, டிசம்பரில் கடுங்குளிர். தகரமும் தார்ப்பாயும் மழைக்கு முன் வர வேண்டும், போர்வை குளிருக்கு முன். நிரந்தர வீட்டின் தேவையைக் காட்டி இந்த இடைக்காலத் தேவையை அமுக்கிவிடுவது கொடுமை. நன்கொடையாளர் மாநாடு ஜூன் 25 அன்றே கூடி 400 கோடி டாலருக்கு மேல் வாக்குறுதி பெற்றது. ஆனால் மறுகட்டுமான ஆணையம் இயங்கத் தொடங்கியது டிசம்பர் இறுதியில். அந்த ஆறு மாதமும் மக்கள் தகரக் கொட்டகையில்தான் இருந்தார்கள்.

விலை உயர்வுக்கும் இடம் விடுங்கள். 2015 செப்டம்பரில் இந்திய எல்லையில் சரக்குப் போக்குவரத்து தடைபட்டு, மறு ஆண்டு பிப்ரவரி வரை எரிபொருளுக்கும் கட்டுமானப் பொருளுக்கும் தட்டுப்பாடு இருந்தது. வீட்டு உதவித்தொகை முதலில் 2 லட்சம் நேபாள ரூபாய் என அறிவிக்கப்பட்டு, பிறகு 3 லட்சமாக உயர்த்தப்பட்டது.

9. பட்டியலை ஊர் முன் படியுங்கள்

பெயர், தரம், குடும்ப எண்ணிக்கை மூன்றையும் வார்டு அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். எழுத்தறியாதவர்களுக்காகச் சத்தமாகப் படியுங்கள். அங்கேயே பாதித் தவறுகள் திருந்தும். விடுபட்ட கைம்பெண் யார், இரண்டு முறை வந்த பெயர் எது என்று ஊருக்குத் தெரியும்.

முறையீட்டுக்குத் தேதி, இடம், படிவம் மூன்றையும் முதல் நாளே அறிவியுங்கள். நேபாளத்தில் லட்சக்கணக்கில் முறையீடுகள் வந்தன. அதைக் கணக்கெடுப்பின் தோல்வியாகப் பார்க்க வேண்டியதில்லை, அதற்கான ஆளும் பணமும் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டதா என்பதே கேள்வி. மறு ஆய்வுக்கு முதலில் தரம் போட்ட ஆளையே அனுப்பாதீர்கள். தன் எண்ணை மாற்ற அவருக்கு மனம் வராது.

10. தவணையோடு கணக்கெடுப்பை இணைத்தல்

அங்கே உதவித்தொகை மூன்று தவணைகளாகப் போயிற்று. ஒப்பந்தம் போட்டதும் முதல் தவணை, அடித்தளம் முடிந்து பொறியாளர் பார்த்ததும் அடுத்தது, சுவர் உயர்ந்து, சுவர்களைச் சுற்றிப் பிணைக்கும் கட்டுகள் சரியாக இருப்பதைப் பார்த்த பின் கடைசி. பொறியாளர் வரத் தாமதமானால் வீட்டுக்காரர் காத்திருக்க மாட்டார். மழை வருகிறதே என்று சுவரை ஏற்றிவிடுவார். அடித்தளத்தில் கம்பி போட்டாரா இல்லையா என்று அதன் பிறகு யாராலும் பார்க்க முடியாது, தவணையும் நின்றுபோகும்.

ஆகவே ஒரு வார்டில் எத்தனை வீடுகள் ஒரே மாதத்தில் அடித்தளம் எட்டும் என்பதைக் கணக்கெடுப்புத் தரவிலிருந்தே முன்கூட்டிப் போட்டுப் பாருங்கள். அதற்கேற்ற எண்ணிக்கையில் பொறியாளர்களைக் கேளுங்கள். அப்படியும் ஆள் போதாவிட்டால், பயிற்சி பெற்ற உள்ளூர் மேஸ்திரி அடித்தளத்தை அளந்து, மூடும் முன் படமெடுத்து அனுப்பும் ஏற்பாட்டை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.